பித்தப்பை என்ன விலை?

செருப்புக் கடையில் செருப்பின் விலை அதன் அடியில் ஒட்டியிருக்கும். சலூனில் கண்ணாடிக்கு மேலே தொங்கும். மயானத்தில்கூட வாசலிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் விலை என்பது கடைசி நாளன்று, ஆள் பிழைத்துவிட்டார் என்று உறுதியான பிறகு, நாலாக மடித்த காகிதத்தில் வரும். இதைப் பார்த்து அரசாங்கத்துக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. எல்லா ஆஸ்பத்திரிகளும் தங்கள் விலைகளைப் பலர் பார்க்கும்படி வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டுவிட்டது.

சட்டம் வந்த அதே வாரத்தில் போர்டு எழுதுகிறவரின் மனைவிக்கு வயிற்றுவலியும் வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பித்தப்பையில் கல் இருக்கிறது, ஒரு மாதத்துக்குள் பையோடு எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று சொல்லி, ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எட்டு மாடி ஆஸ்பத்திரி அது. போர்டு எழுதுகிறவர் வேலைக்குப் போகிற வழியில் உள்ளே நுழைந்து, விசாரணை என்று எழுதியிருந்த இடத்தில் விசாரித்தார்.

"பித்தப்பை எடுக்க எவ்வளவும்மா ஆகும்?"

"ஆபரேஷன் முடிஞ்சதும் பில்லுல வந்துடும் சார்."

"அதுக்கு முன்னாடி தெரியாதா?"

"முன்னாடி எப்படி சார் தெரியும்? இன்னும் ஆபரேஷனே நடக்கலையே!"

"சரி, சுமாரா ஒரு தொகை சொல்லுங்களேன்."

"சுமாரா சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல. சரியா சொல்ல எங்களுக்குத் தெரியாது. அடுத்தவங்க வாங்க."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார். மனைவி வலியில் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாலும் வாய் மட்டும் நிமிர்ந்துதான் இருந்தது.

"விலை கேக்காம ஒரு கைக்குட்டைகூட வாங்கினதில்ல நான். இங்க வாங்குறதுகூட இல்ல. என் வயித்துக்குள்ள இருக்கிறதை அவங்க எடுத்துக்கப் போறாங்க. எடுத்துக்கிட்டு என்கிட்டயே காசும் கேப்பாங்க. எவ்வளவுன்னு மட்டும் சொல்ல மாட்டாங்களாம். என்னங்க நியாயம் இது? விலை தெரியுற வரைக்கும் அந்த வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்."

அவள் வீம்புக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் குடலிறக்கத்துக்காக அதே ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனார். பூரண குணமாகி வெளியே வந்தார். வந்த கையோடு பில்லைக் கட்டுவதற்காக வேனை விற்றார். அந்த வேனை ஓட்டித்தான் அவர் பிழைத்துக்கொண்டிருந்தார். இப்போது வேறொருவரின் வேனைக் கழுவிக்கொண்டிருக்கிறார். போர்டு எழுதுகிறவர் வீட்டில் இருந்தது மொத்தம் முப்பத்தெட்டாயிரம். அதற்கு மேல் ஒரு காசு போனாலும் விற்பதற்கு வேன்கூடக் கிடையாது.

நாலாம் நாள் அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே அவருக்குப் போன் வந்தது. விலைப் போர்டு ஒன்று எழுத வேண்டுமாம், உடனே வரவும் என்றார்கள். போர்டு எழுதுகிறவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் தெரிவதற்கு முன்னால் பித்தப்பையின் விலை தனக்குத் தெரிந்துவிடும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினார்.

ஆறாவது மாடியில் விலை வெளிப்படைத்தன்மைத் துறை என்று புதிதாக ஒரு துறை முளைத்திருந்தது. கதவுக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. விரல் ரேகை வைத்தால்தான் திறக்கும். உள்ளே வெளிப்படை அதிகாரி என்ற பதவியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். முதல் வேலையாக அவர் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி ஏழு இடங்களில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"என்ன சார் இது?"

"ரகசிய ஒப்பந்தம். போர்டுல எழுதப்போற விலைகளைப் பத்தி நீங்க யார்கிட்டயும், எந்தக் காரணத்துக்காகவும் வாயைத் திறக்கக் கூடாது."

"போர்டு வாசல்லதானே சார் இருக்கப் போகுது? ஊரே படிக்குமே."

"ஊர் படிச்சுக்கட்டும். சட்டம் அப்படி சொல்லுது, என்ன பண்றது? நீங்க பேசக் கூடாது."

"உங்ககிட்டகூடவா?"

"எங்ககிட்டயும்தான். வேலைக்கு வந்தவங்க எங்ககிட்ட விலை பத்திப் பேசற பழக்கம் இங்க கிடையாது."

போர்டு எழுதுகிறவர் ஏழு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். எட்டாவதாக ஒரு இடத்தில், மேற்படி ஒப்பந்தம் இருப்பதே தனக்குத் தெரியாது என்றும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அதன் பிறகு அதிகாரி சட்டப் புத்தகத்தை மேஜைமேல் வைத்து அன்போடு தட்டினார். "பதினேழு பக்கம். இதுல பதினாறு பக்கம் எழுத்து எவ்வளவு உயரம் இருக்கணும், தரையிலேர்ந்து எத்தனை அடியில ஆரம்பிக்கணும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலேர்ந்து விழணும்னு போட்டிருக்கு. அத்தனையும் கரைச்சுக் குடிச்சுட்டோம். மீதி ஒரு பக்கம்தான் விலையைப் பத்தி. அதுக்கு இன்னும் நேரம் கிடைக்கல. இருபதாம் தேதி ஆய்வாளர் வர்றாங்க. போர்டு இல்லேன்னா லைசென்ஸ் போயிடும்."

அறுபத்து நாலு வரி கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். தலையணை உறை மாற்றுதல். சக்கர நாற்காலி தள்ளுதல், சமதளம். சக்கர நாற்காலி தள்ளுதல், சாய்தளம். டாக்டர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தல். டாக்டர் உள்ளே வருதல். நலம் விசாரித்தல், பதிலுக்குக் காத்திராமல். நலம் விசாரித்தல், பதிலுடன். இப்படியே போய், நாற்பத்தொன்றாவது வரியில் பித்தப்பை அகற்றுதல் வந்தது. போர்டு எழுதுகிறவர் ஆவலோடு விரலை வலது பக்கம் நகர்த்தினார். வலது பக்கம் வெறுமையாக இருந்தது. அறுபத்து நாலு வரிக்கும் அப்படித்தான்.

"விலை எங்கே சார்?"

"அது சம்பந்தப்பட்ட துறையிலேர்ந்து வரும். நீங்க ஆக வேண்டியதைப் பாருங்க."

பதினாறடி நீளத் தகரத்தைச் சுவரில் அடித்து, பிரைமர் பூசி, நூல் பிடித்துக் கோடு போட்டு, ஐந்து நாளில் அறுபத்து நாலு பெயர்களையும் எழுதி முடித்தார். அழகான எழுத்து. போகிற வருகிற நர்சுகள் நின்று பார்த்தார்கள். விலை மட்டும் வரவில்லை. பொறுக்க முடியாமல் அவரே சாரத்திலிருந்து இறங்கி, பெயின்ட் கறை படிந்த கையோடு மாடி மாடியாக ஏறினார்.

கணக்குத் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆளைப் பார்க்காம எப்படிப்பா விலை சொல்றது? என்ன இன்சூரன்ஸ், எந்த ரூம், கூட வந்திருக்கிற மச்சான் என்ன வாட்ச் கட்டியிருக்காரு, எல்லாத்தையும் பார்த்துத்தானே விலை பிறக்குது. பித்தப்பைக்கு எங்ககிட்ட பத்தொன்பது விலை இருக்கு. பத்தொன்பதும் நியாயமான விலை. அதுல ஒண்ணை மட்டும் எடுத்து எழுதினா மத்த பதினெட்டுக்கும் நான் எப்படிப்பா முகம் கொடுப்பேன்?"

தலைமை சர்ஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுஷ உயிருக்கு விலை பேசச் சொல்றீங்களா? என்னால முடியாது. கத்தியைப் பிடிச்ச கையால காசைத் தொட்டதில்ல நான்."

"அப்போ சும்மா பண்ணிக் கொடுப்பீங்களா சார்?"

"அது கணக்குத் துறைகிட்ட கேக்க வேண்டிய கேள்வி" என்றார் சர்ஜன். அவருடைய கண் உடனே காய்ந்துவிட்டது.

பதினாறாம் தேதி சேர்மன் தலைமையில் அவசரக் கூட்டம் கூடியது. போர்டு எழுதுகிறவரையும் பெயின்ட் டப்பாக்களோடு மூலையில் உட்கார வைத்தார்கள். விலை இலக்கங்கள் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். சிவப்பு பயமுறுத்தும் என்றார் ஒருவர். பச்சையில் எழுதினால் இலவசம் என்று நினைத்துவிடுவார்கள் என்றார் இன்னொருவர். வெள்ளைத் தகரத்தில் வெள்ளை நிறத்திலேயே எழுதினால் என்ன என்று கணக்குத் துறைத் தலைவர் கேட்டதற்கு, சட்டத்தின் ஒன்பதாம் பக்கம் அதைத் தடுக்கிறது என்று வெளிப்படை அதிகாரி வருத்தத்தோடு தெரிவித்தார். கடைசியில் நீலம் என்று முடிவாகி, சேர்மன் எழுந்து பேசினார்.

"நம்ம மேல ஒரு பழி இருக்கு. விலையை மறைக்கிறோம்னு. நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், நாம எதையும் மறைச்சதில்ல. ஒரு ஆபரேஷனுக்கு என்ன விலைன்னு இந்த முப்பது வருஷத்துல எனக்கே தெரியாது. இங்க உட்கார்ந்திருக்கிற யாருக்குமே தெரியாது. தெரியாத ஒண்ணை எப்படிங்க மறைக்க முடியும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். போர்டு எழுதுகிறவர் கையில் பிரஷ் இருந்ததால் தட்டவில்லை. விலை என்ன என்று யாரும் கேட்காமலே கூட்டம் கலைந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது மனைவி அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை. அவர் தோளைத் தொட்டதும் நிமிர்ந்து, "போர்டு முடிஞ்சுதா?" என்றாள்.

"எழுத்தெல்லாம் முடிஞ்சுது. விலை மட்டும் பாக்கி."

"விலை இல்லாத விலைப் போர்டா?" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வலியாக மாறிவிட்டது. வருவது வரட்டும், நாளைக்கே சேர்த்துவிடுகிறேன் என்றார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். "நான் பிழைச்சு வந்து, நீங்க ஏணியை வித்துட்டு நிக்கிறதைப் பார்க்கவா?" என்றாள். சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

பதினெட்டாம் தேதி காலையில் வெளிப்படை அதிகாரி ஓட்டமாக வந்தார். மத்தியானம் சேர்மன் போர்டைப் பார்வையிட வருகிறாராம், முழுத் தோற்றமும் தெரிய வேண்டுமாம்.

"விலை வராம முழுத் தோற்றம் எப்படி சார் தெரியும்?"

"அது உங்க தொழில். ஏதாவது பண்ணுங்க."

தொழிலில் அதற்கு வழி இருக்கத்தான் செய்கிறது. கடைக்காரர்கள் விலை சொல்லத் தாமதம் செய்தால், போர்டு எழுதுகிறவர்கள் கலர் சாக்பீஸால் ஏதாவது இலக்கம் போட்டு இடம் பிடித்து வைப்பார்கள். இவர் எப்போதும் எட்டாகவே போடுவார். எட்டுதான் இலக்கங்களில் அகலமானது. எட்டுக்கு இடம் இருந்தால் எதற்கும் இருக்கும். அறுபத்து நாலு வரியிலும் வரிசையாக எட்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தபோது அதிகாரி கீழேயிருந்து கத்தினார். "எல்லாமே எட்டா இருந்தா சேர்மன் என்ன நினைப்பாரு? நிஜம் மாதிரி இருக்கட்டும்யா!"

சரி என்று அழித்துவிட்டு, நிஜம் மாதிரி போட ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த நிஜம் வெளியுலக நிஜம்தான். தலையணை உறைக்குச் சலவைக் கடை விலையைப் போட்டார். சக்கர நாற்காலிக்குத் தள்ளுவண்டிக்காரர் வாங்குகிற கூலி. எக்ஸ்ரேக்கு ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கிற விலையைப் போலப் பத்து மடங்கு, உள்ளே இருப்பதைப் பிடிப்பது கஷ்டம்தானே. டாக்டர் எட்டிப் பார்ப்பதற்கு ஒருவர் காசு கேட்கக்கூடும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை, சைபர் போட்டுவிட்டார். நாற்பத்தொன்றாவது வரி வந்ததும் கை நின்றது. இத்தனை நாளாக ராப்பகலாய் அவர் தலைக்குள் ஒரே ஒரு தொகைதான் சுற்றிக்கொண்டிருந்தது. சாக்பீஸ்தானே, சாயங்காலம் அழிக்கப் போவதுதானே என்று 38,000 என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்தார்.

சேர்மன் வந்தார். கூடவே துறைத் தலைவர்கள் எல்லோரும் வந்தார்கள். இலக்கங்களின் உயரத்தை டேப் வைத்து அளந்தார்கள். சேர்மன் இருபதடி பின்னால் நடந்து போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "அருமை. என்ன ஒரு ஒழுங்கு! இப்படியே பெயின்ட் பண்ணிடச் சொல்லுங்க."

போர்டு எழுதுகிறவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாரத்திலிருந்து குதித்தார்.

"சார், ஒரு நிமிஷம். இந்த விலையெல்லாம்..."

"ஒப்பந்தம்!" என்றார் வெளிப்படை அதிகாரி.

"இல்ல சார், இதெல்லாம் நான் சும்மா..."

"விலையைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினா கூலியும் கிடையாது, மேல கேஸும் வரும்."

சேர்மன் காரில் ஏறும்போது போர்டு எழுதுகிறவர் மூன்றாவது தடவையாகவும் போய்ச் சொல்லிப் பார்த்தார். சேர்மன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, விலைகள் மிகவும் கம்பீரமாக இருக்கின்றன என்று பாராட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கு மேல் ஒரு மனிதனால் என்ன செய்ய முடியும்? அன்றும் மறுநாளும் நீல பெயின்டில் இலக்கங்களை எழுதினார். நாற்பத்தொன்றாவது வரிக்கு மட்டும் இரண்டு கோட்டிங் கொடுத்தார்.

இருபதாம் தேதி ஆய்வாளர் அம்மா வந்தார். குள்ளமான, கறாரான பெண்மணி. தனக்கென்று சொந்தமாக டேப், வெளிச்சமானி, மடக்கு ஸ்டூல் எல்லாம் வைத்திருந்தார். ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு இலக்கத்தையும் அளந்தார். காற்புள்ளிகளை எண்ணினார். ஒரு வாட்ச்மேனைக் கூப்பிட்டு பத்தடியிலிருந்து படிக்கச் சொன்னார். அவன் தலையணை உறையின் விலையைப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று தானாகவே வாயைப் பிளந்தான்.

"விலை கூடுதலா குறைவான்னு பார்க்கிறது என் வேலை இல்ல" என்றார் ஆய்வாளர் அம்மா. "விலை இருக்கான்னு பார்க்கிறதுதான் என் வேலை. இருக்கு. இது உங்க ஆஸ்பத்திரி விலைதானே?"

அப்போதுதான் எல்லோரும் முதல் தடவையாகப் போர்டைப் படித்தார்கள். கணக்குத் துறைத் தலைவருக்கு நாற்பத்தொன்றாவது வரியில் வேர்த்துக் கொட்டியது. ஆனால் சேர்மனே பார்த்துச் சரி என்று சொன்ன விலையை நாம் எப்படி இல்லை என்பது என்று பேசாமல் இருந்துவிட்டார். கணக்குத் துறை போட்ட விலையை இத்தனை பேர் முன்னால் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது என்று சேர்மன் நினைத்தார். வெளிப்படை அதிகாரி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சர்ஜன் காசு விஷயம் என்பதால் ஆகாயத்தைப் பார்த்தார். ஆமாம் என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"நல்லது. இன்னிலேர்ந்து ஒரு வருஷத்துக்கு இதுல ஒரு புள்ளியைக்கூட மாத்தக் கூடாது. இதுக்கு மேல யார்கிட்டயாவது ஒரு காசு வாங்கினாலும், அதைப்போல நூறு மடங்கு அபராதம். அது பதினேழாம் பக்கத்துல இருக்கு. படிச்சிருப்பீங்க."

யாரும் படித்திருக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே போர்டு எழுதுகிறவர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். அவள் வாசலில் நின்று நாற்பத்தொன்றாவது வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு யார் உதவியும் இல்லாமல் படியேறினாள். விசாரணையில் இருந்த பெண் போர்டைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், போனை எடுத்தாள். மேலேயிருந்து வெளிப்படை அதிகாரியும் கணக்குத் துறைத் தலைவரும் அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். பின்னாலேயே சேர்மன்.

"இந்த விலையை யார் போட்டது?" என்றார் சேர்மன் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போர்டு எழுதுகிறவர் சொல்லலாமா என்று வாயெடுத்தார். வெளிப்படை அதிகாரி பழக்கதோஷத்தில் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

சேர்மன் கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியாம வச்சோம்னா மானம் போயிடும். தெரிஞ்சே வச்சோம்னா நமக்குப் பெரிய மனசு. பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடுங்க. ஏழைகளுக்காக நஷ்டத்தைத் தாங்குறோம்னு சொல்லிடலாம்."

அப்போது கணக்குத் துறைத் தலைவர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ கூட்டிக் கழித்துவிட்டு அவர் காதருகே குனிந்தார். நாலடி தள்ளி நின்றிருந்த போர்டு எழுதுகிறவருக்கும் அது தெளிவாகக் கேட்டது.

"நஷ்டம் இல்ல சார். இந்த விலைக்கே நமக்குப் பாதிக்கு மேல லாபம் நிக்குது."

"மெதுவா பேசுய்யா!" என்றார் சேர்மன்.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் ஆபரேஷன் நடந்தது. சர்ஜன் நல்ல கைகாரர். ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்று சின்னத் தையலோடு முடித்துவிட்டார். சாயங்காலம் மனைவிக்கு நன்றாக நினைவு திரும்பியது. வலி போய்விட்டது என்றாள். போர்டு எழுதுகிறவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டார். கட்டிலோரம் உட்கார்ந்து, மனதில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். சாக்பீஸ் கதை, சேர்மன் கதை, காதில் விழுந்த லாபக் கதை எல்லாவற்றையும் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்றுகூட நினைத்தார்.

"ஏங்க" என்றாள் அவள்.

"சொல்லு."

"விலை போட்டது நீங்கதானா?"

"நான்தான். வேற யாரு?"

"எதுக்கு முப்பத்தெட்டு போட்டீங்க?"

"நம்மகிட்ட அவ்வளவுதானே இருந்துச்சு."

அவள் கண்ணைத் திறந்து, கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிற அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஊரு உலகத்துல எந்தப் புருஷனுக்காவது பொண்டாட்டியோட ஆபரேஷனுக்குத் தானே விலை எழுதுற யோகம் கிடைச்சிருக்கா? கையில சாக்பீஸ் இருந்துச்சு, பக்கத்துல கேக்க நாதி இல்ல. மூணுக்குப் பதிலா ஒண்ணு போட உங்களுக்குக் கையா வலிச்சுது?"